கோபத்தை அளந்த காலம்

குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்ட பிறகு, யாழ்ப்பாணப் பட்டணத்தில் உள்ள ஓர் இயன்மருத்துவ நிலையத்துக்குக் கிழமைதோறும் போய்வருகிறேன். அங்கே கைக்குப் பயிற்சி தருகிற பிள்ளைக்கு என் பேத்தியின் வயது இருக்கும். நோகாமல் கையாளுவாள். வீட்டுப் பயிற்சியைச் செய்யாமலே செய்தேன் என்று நான் சொன்னால், விரலைத் தொட்டுப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். போன மாதம் ஒருநாள் என் கையில் ஒரு சிறு கருவியைத் தந்தாள். பிடியின் வலுவை அளக்கிற கருவி. அமத்தினால் கண்ணாடியில் எண் ஏறும். எனக்கு ஏறவில்லை.

“இன்னும் கொஞ்சம் அமத்துங்கோ ஐயா.”

“இவ்வளவும்தான் பிள்ளை.”

“ஆரிலையாவது கோவம் இருக்கோ? அவையை நினைச்சுக்கொண்டு ஒருக்கா அமத்துங்கோ. எண் ஏறும் பாருங்கோ.”

பகிடியாகத்தான் சொன்னாள். கருவி என் கையிலிருந்து நழுவிச் சீமெந்து நிலத்தில் விழுந்தது. கை நோகுதோ என்று கேட்டாள். ஓம் என்றேன். நான் அவளுக்குச் சொன்ன பொய்களில் அதை மட்டும் அவள் கண்டுபிடிக்கவில்லை.

கோபம் பிடியைக் கூட்டும். அது எனக்குத் தெரியும். ஒருகாலத்தில் அதை அளப்பதே என் வேலையாக இருந்தது.

அந்த நிலையத்தில் எப்போதும் கற்பூரம் கலந்த தைல மணம் அடிக்கும். எனக்கு அந்த மணம் வந்தால் பின்னாலேயே நனைந்த தும்புக் கயிற்றின் மணமும் வந்துவிடும். குருநகர்க் கரையில், வலைகள் வைக்கிற ஒரு கொட்டிலுக்குள், எட்டு ஆண்கள் நல்லெண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சி உள்ளங்கைகளில் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் அந்த ஊர்த் தேவாலயப் பங்கின் கயிறிழுக்கும் குழு. நான் அப்போது உடற்றொழிலியல் படிப்பிக்கிற இளம் ஆசிரியன். மடிப்புக் குலையாத வெள்ளைச் சேட்டு, கழுத்தில் நிறுத்தற்கடிகாரம், கையில் ஒரு தோற்பை. அந்தப் பைக்குள் பிடியை அளக்கும் கருவி இருந்தது. இப்போதையதைப் போலச் சிறியதல்ல. இரும்பு, முள், வட்டமுகம் எல்லாம் உள்ள பாரமான சாமான். இரண்டு கொடுக்கு மாதிரி இருந்ததால் அவர்கள் அதை ‘ஐயாவின்ரை நண்டு’ என்பார்கள். ஒவ்வொருவரும் நண்டோடு கைகுலுக்க, நான் முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்வேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். உடுப்பிட்டியில் வயல் செய்கிற ஒரு கமக்கார வீட்டில் பிறந்தவன். பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் நான் ஓடி முடிக்கும்போது அடுத்த ஓட்டத்துக்கு ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். எங்கள் விளையாட்டு வாத்தியார் சைக்கிள் ரியூப்பை நீளமாக வெட்டி வைத்திருந்தார். கடைசியாக வருகிறவனுக்குக் கெண்டைக்காலில் அது விழும். எனக்கு அது எவ்வளவு விழுந்தது என்று நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். அந்த அடி என்னை ஓர் அங்குலம்கூட வேகமாக ஓடவைக்கவில்லை. இதை நான் பின்னால் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் படித்தவனுக்குத் தன் கால் சொல்வதைவிடக் கருவியின் முள் சொல்வதில்தான் நம்பிக்கை.

அந்த நாளில் கயிறிழுத்தல் இப்போதைய மாதிரிச் சிரிப்பு விளையாட்டல்ல. வருடப்பிறப்பையொட்டி நடக்கும் போட்டிக்குக் கரையோரக் குழுக்களும் வலிகாமத்துக் கமக்காரக் குழுக்களும் வரும். எங்கள் ஆட்கள் கரைவலை இழுத்துப் பழகியவர்கள். வலை இழுக்கிற பாட்டான அம்பாவைப் பாடி, மூச்சுக்கு ஓர் அடியாகப் பின்னுக்குப் போவார்கள். எங்களோடு மோதுகிற சண்டிலிப்பாய்க்காரர் புகையிலைத் தோட்டத்தில் மண் கொத்தி, தண்ணீர் இறைத்து முறுகியவர்கள். கடற்கரையாட்கள் மீன் நாறுவார்கள் என்று அவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். அவர்கள் கயிற்றை எடுக்கும்போது எங்கள் ஆட்கள் “மாட்டை அவிட்டுக் கொண்டு வந்திட்டாங்கள்” என்பார்கள். போட்டி முடிந்ததும் யாராவது ஒருவனுக்கு மண்டை உடையாமல் பஸ் வெளிக்கிடாது. கயிற்றில் சிவப்பாக இருப்பது மண்ணா இரத்தமா என்று பார்க்க ஒருவரும் மினக்கெடுவதில்லை.

குழுவை நடத்தியவர் ஒரு சம்மாட்டி. வலையும் வள்ளமும் அவருடையவை. இழுப்பவர்கள் அவரிடம் தொழில் செய்பவர்கள். ஒருநாள் பயிற்சிக்குப் பிந்தி வந்த சூசை என்பவனுக்கு என் கண்முன்னால் ஓங்கி ஓர் அறை விட்டார். கீழ் உதடு வெடித்தது. சூசை இரத்தத்தைத் துப்பிவிட்டு, அடுத்ததாக நண்டைப் பிடித்தான். முள் வழக்கத்தைவிட மிகவும் மேலே போய் நின்றது.

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. எல்லா மனிதனும் தன் வலுவில் ஒரு பகுதியை ஒளித்துவைத்திருக்கிறான், அதை வெளியே எடுக்க ஒரு வழி இருக்கிறது என்று அதற்கு முன்பே படித்திருந்தேன். அந்த வழி ஓர் அறையின் தூரத்தில் இருந்தது. மறுநாளே சம்மாட்டியிடம் கேட்டேன்: ஒருநாள் அறையாமல் அளப்போம், ஒருநாள் அறைந்து அளப்போம். அவர் சிரித்தார்.

“இதுக்குப் போய் ஏன் ஐயா படிச்சனீங்கள்? நாங்கள் பிறந்த நாள் துவக்கம் இதைத்தானே செய்யிறம்.”

அப்படித்தான் அந்த ஆராய்ச்சி தொடங்கியது. முதலில் விளையாட்டாக இருந்தது. ஒருவனை ஒருவன் அறைவான், எல்லாரும் சிரிப்பார்கள், நான் முள்ளைப் பார்ப்பேன். பிறகு அறை பழகிப்போய் முள் ஏறுவது குறைந்தது. அப்போது நான் வார்த்தைக்கு மாறினேன். யாருக்கு எந்தச் சொல் சுடும் என்று தேடினேன். ஒருவனுக்குத் தங்கச்சியைப் பற்றிச் சொன்னால் போதும். இன்னொருவனுக்கு அவன் கடலுக்குப் பயந்து திரும்பி வந்த நாள். அதையெல்லாம் அவர்களோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டே கேட்டறிந்து, சரியான நேரத்தில் அவர்கள் காதுக்குள் சொன்னேன். கொட்டிலுக்குள் சண்டைகள் கூடின. ஒருவன் மற்றவனைத் துடுப்பால் அடித்து விலா எலும்பை முறித்தான். நான் விலா முறிந்தவனுக்குப் பதிலாக வேறொருவனைப் பிடித்தேன்.

ஒருவனில் மட்டும் இது ஒன்றும் வேலை செய்யவில்லை. அவன் பெயர் மரியதாஸ். கயிற்றின் கடைசியில் நிற்பவன். கயிற்றைத் தோளுக்கு மேலால் எடுத்து உடம்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு நிலத்தில் குதியை ஊன்றினால் முழுக் குழுவும் அவனில் தொங்கும். அந்த உடம்புக்கு முள் எங்கே போகவேண்டும் என்று நான் கணித்து வைத்திருந்தேன். அங்கே அது போகவேயில்லை. சம்மாட்டி அறைந்தால் கன்னத்தைத் தடவிக்கொண்டு சிரிப்பான். அறைந்த பிறகு முள் இன்னும் இறங்கும். மற்றவர்கள் “பூசைக்குப் பூ ஆயப் போறவன் மாதிரி நிக்கிறான் பாருங்கோ” என்று நக்கலடிப்பார்கள். என் ஆராய்ச்சிக்குப் பொருந்தாத ஒரே ஆள் அவன்தான். எனக்கு அவன்மேல் எரிச்சல். விஞ்ஞானம் படித்தவனுக்கு வரக்கூடாத எரிச்சல்.

ஒரு பின்னேரம் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். நீ ஏன் உன்னை அடக்கி வைத்திருக்கிறாய் என்று.

“ஐயாவுக்குச் சொன்னா என்ன. என்ரை அப்பு அம்மாவுக்குத் திருக்கைவாலாலை அடிக்கிறவர். ஒருநாள் நான் அதைப் பறிச்சு அவருக்கு அடிச்சன். முதல் அடி அம்மாவுக்காகத்தான் அடிச்சனான். பிறகு ஆருக்காக அடிச்சனெண்டு எனக்கே தெரியேல்லை. அயல் சனம் வந்து பிடிச்சு இழுத்துத்தான் நிப்பாட்டினது. அந்தக் கோவத்தை எடுத்தா எனக்குத் திருப்பி வைக்கத் தெரியாது, ஐயா. பிலோமினாவைக் கட்டேக்கை சத்தியம் பண்ணிக் குடுத்தனான், இனி ஒருத்தருக்கும் கை ஓங்கமாட்டனெண்டு. அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அவள் வந்தவள். மற்றது என்னவும் கேளுங்கோ. அதை மட்டும் கேளாதேங்கோ.”

“சரி, விடு” என்றேன். அவன் தோளில் தட்டியும் கொடுத்தேன்.

திருக்கைவாலை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். திருக்கை மீனின் வாலை வெட்டிக் காயவைத்தால் சாட்டையைப் போல நீண்டு ஒடுங்கி, அரத்தைப் போலச் சொரசொரப்பாக இருக்கும். விழுந்த இடத்தில் தோலைக் கூட்டிக்கொண்டுதான் திரும்பிவரும். அந்த நாளில் சில வீடுகளில் கதவு நிலைக்கு மேல் அது தொங்கும். பிள்ளைகள் அதைப் பார்த்தாலே போதும். நான் அதுவரைக்கும் அதைக் கையால் தொட்டதில்லை. அடுத்த கிழமை மீன் சந்தைக்குப் போய்க் கேட்டு வாங்கினேன். பேய் விரட்டத்தான் வாங்குகிறேன் என்று நினைத்து, விற்றவன் “வீட்டிலை பேயோ ஐயா?” என்று கேட்டான். ஓம் என்று சொல்லி, கடுதாசியில் சுற்றித் தோற்பையில் நண்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். இதை நான் ஆத்திரத்தில் செய்யவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். யோசித்து, விலை பேசி, பஸ் ஏறிப்போய்ச் செய்தேன்.

இறுதிப் போட்டி மருதனார்மடத்துக்குக் கிட்ட ஒரு வெளியில் நடந்தது. குருநகரில் இருந்து பஸ் பிடித்துக் குடும்பங்களும் வந்திருந்தன. பிலோமினா மெல்லிய, உயரமான பெண். புருசனுக்கென்று ஒரு துவாயும் சோடாப் போத்தலில் தண்ணீரும் கொண்டுவந்து, பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் இழுவையில் நாங்கள் வென்றோம். இரண்டாவதில் சண்டிலிப்பாய்க்காரர் எங்களைக் குப்புற இழுத்து விழுத்தினார்கள். எங்களில் முன்னுக்கு நின்றவனின் உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போய்விட்டது.

மூன்றாவதற்கு முன்னால் நான் மரியதாஸைத் தகர மறைப்புக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனேன். பையைத் திறந்து வாலை எடுத்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. வாலைத்தான் பார்த்தான்.

“ஐயா, வேண்டாம்.”

முதுகில் அடித்தேன். பெனியன் கிழிந்தது. இன்னும் ஒன்று அடித்தேன்.

“வேண்டாம் ஐயா.”

“கொம்மாவும் இப்பிடித்தான் கெஞ்சினவவோ?” என்று கேட்டேன்.

இந்த வசனத்தை இதுவரை நான் யாருக்கும் சொன்னதில்லை. எழுதும்போதும் வேறு மாதிரி எழுதலாமா என்று பார்த்தேன். வேறு மாதிரி இல்லை. நான் கேட்டது இதுதான்.

மூன்றாவது அடிக்குப் பிறகு அவன் முகத்தில் இருந்த ஆள் போய்விட்டான். நண்டை அவன் கையில் கொடுத்தேன். முள் நான் கணித்த இடத்தையும் தாண்டிப்போய், வட்டத்தின் முடிவில் இடித்து நின்றது. நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது இழுவை ஒரு போட்டியே அல்ல. மரியதாஸ் அம்பாவுக்குக் காத்திருக்கவில்லை. எதிர்க்குழுவில் முன்னுக்கு நின்றவன் முகம் குப்புற விழுந்தான். விசில் ஊதியாயிற்று. மற்றவர்கள் கயிற்றை விட்டார்கள், மரியதாஸ் விடவில்லை. விழுந்தவனின் கை கயிற்றில் மாட்டி, அவன் கிரவல் மண்ணில் இழுபட்டான். முழங்கையில் இருந்து தோள்வரை உரிந்தது. “விடடா, வெண்டிட்டம், விடடா” என்று மற்ற ஏழுபேரும் கத்தினார்கள். கடைசியில் சம்மாட்டி கத்தியால் கயிற்றை அறுத்தார்.

நான் ஓடிப்போய் மரியதாஸின் இடது மணிக்கட்டைப் பிடித்தேன். இழுவை முடிந்த உடனே நாடித்துடிப்பை எண்ணவேண்டும், பிந்தினால் இறங்கிவிடும். கால் நிமிடம் எண்ண வேண்டும். கடிகாரத்தை அமுக்கி எண்ணத் தொடங்கினேன். அப்போது பிலோமினா வந்தாள். கிழிந்த பெனியனுக்குள்ளால் முதுகைக் கண்டிருப்பாள். “என்னப்பா இது, ஆர் அடிச்சது?” என்று கேட்டுக்கொண்டு துவாயால் காயத்தை ஒற்றினாள்.

அவன் திரும்பி வலது கையைப் பொத்தி அவள் முகத்தில் குத்தினான்.

முதல் குத்து, யாரென்று தெரியாமல் விழுந்தது என்று சொல்லலாம். பின்னால் வந்து நொந்த இடத்தைத் தொட்டால் யாரும் திரும்புவார்கள். ஆனால் அவள் “என்னப்பா” என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொன்ன பிறகு இரண்டாவதும் விழுந்தது. தாடை எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவள் என் காலடியில் விழுந்தாள், போத்தல் உடைந்தது.

இவ்வளவு நேரமும் அவனுடைய இடது மணிக்கட்டு என் விரல்களுக்குள் இருந்தது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். விட்டால் அளவு வீணாகிவிடும் என்று நினைத்தேன். இரண்டு குத்துக்கும் இடையில் அவனுடைய நாடி என்ன செய்தது என்று என்னால் இப்போதும் சொல்லமுடியும். கால் நிமிடம் முடிந்து, கடிகாரத்தை நிறுத்தி, எண்ணை மனதில் வைத்துக்கொண்ட பிறகுதான் குனிந்து அவளைப் பார்த்தேன்.

“உவங்கடை வெற்றியைப் பாருங்கோடா” என்று எதிர்ப்பக்கத்தில் ஒருவன் கத்தினான். அதோடு சோடாப் போத்தல்கள் பறந்தன. பந்தல் தடிகளைப் பிடுங்கி அடித்தார்கள். ஒருவனின் காது தொங்கியது. மனித உடலின் எல்லையை ஆராய்ந்த நான், நடுவர் மேசைக்குக் கீழே நண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தேன். மரியதாஸ் அந்தச் சண்டைக்குள் பெண்சாதியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸை நோக்கி நடந்தான். அவன் முதுகில் விழுந்த தடிகளுக்கு அவன் திரும்பவில்லை.

ஆஸ்பத்திரியில் வழுக்கி விழுந்துவிட்டதாக அவள் சைகையால் சொன்னாளாம். வாயைக் கம்பியால் கட்டியிருந்தார்கள்.

நான் கட்டுரை எழுதினேன். அறைக்கும் சுடுசொல்லுக்கும் ‘கோபத் தூண்டல்’ என்று பெயர் வைத்தேன். ஒரு கருத்தரங்கில் வாசித்தேன், கைதட்டினார்கள். அதை வைத்து வெளிநாட்டில் மேற்படிப்புக் கிடைத்தது. புறப்படுவதற்கு முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று குருநகருக்குப் போனேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

மரியதாஸ் வாங்குப் பலகையில் இருந்தான். இரண்டு கைகளையும் துடைகளுக்குக் கீழே வைத்து, அவற்றின்மேல் இருந்தான். என்னைக் கண்டு எழும்பவில்லை. “வாங்கோ ஐயா” என்று மட்டும் சொன்னான். கம்பி கழற்றியாகிவிட்டது, ஆனால் பிலோமினாவின் முகம் ஒருபக்கம் இழுத்திருந்தது. பல்லைச் சேர்த்து வைத்துக்கொண்டு கதைத்தாள். எங்கள் இருவருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

“எடுத்துக் குடியுங்கோவன்” என்றாள் அவனிடம்.

“பிறகு.”

அவள் என்னைப் பார்த்தாள். “நான் கிட்ட நிண்டா உவர் கையை வெளியாலை எடுக்கமாட்டார் ஐயா. சாப்பாட்டையும் வைச்சிட்டு நான் அங்காலை போகோணும். கடலிலை மட்டும்தான் உவருக்குக் கை.”

நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் அவளே கேட்டாள்.

“அண்டைக்கு ஐயா எண்ணிக்கொண்டு நிண்டியள். கீழை கிடந்து பாத்தனான். எண்ணினது சரியா வந்ததோ?”

அவள் குத்திக் கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் எனக்கு வழி இருந்திருக்கும். ஒரு வேலை கெட்டுப்போகாமல் முடிந்ததா என்று கேட்பவளைப் போலக் கேட்டாள்.

“ஓம்” என்றேன். “சரியா வந்தது.”

“அப்ப சரி.”

நான் சொல்லிப் பார்த்துக்கொண்டு போன சொற்கள் எல்லாம் உள்ளேயே கிடந்தன. தேத்தண்ணியைக் குடித்து முடித்து எழும்பி வந்தேன். மரியதாஸின் தேத்தண்ணி ஆடை படிந்து அப்படியே இருந்தது.

பல வருடங்களுக்குப் பிறகு, நாட்டில் போரெல்லாம் ஓய்ந்தபின் ஊருக்குத் திரும்பியபோது, முதலில் போன இடங்களில் குருநகரும் ஒன்று. வலைக்கொட்டில் இருந்த இடத்தில் மாடிவீடுகள் நிற்கின்றன. வலை இப்போது நைலோன், கயிறும் நைலோன். தும்புக் கயிற்றின் மணம் கரையில் எங்கும் இல்லை. கரைவலை இல்லை, அம்பா இல்லை. திருக்கைவாலைக் கேட்டால் இளம் பெடியள் சிரிக்கிறார்கள். மரியதாஸைப் பற்றிக் கேட்டேன். ஒருவர் மன்னார்ப் பக்கம் போனதாகச் சொன்னார். இன்னொருவர், அவர்கள் வள்ளத்தில் இந்தியாவுக்கு வெளிக்கிட்டவர்கள், பிறகு ஒரு தகவலும் இல்லை என்றார். அந்த எட்டுப்பேரில் ஒருவரின் முகவரியும் கிடைக்கவில்லை. அவர்கள் இருந்தார்கள் என்பதற்கு மிஞ்சியிருப்பது என் கட்டுரை ஒன்றுதான். அதில் அவர்களுக்குப் பெயர் இல்லை.

இதை எழுதத் தொடங்கியது முந்தநாள். அன்று இயன்மருத்துவ நிலையத்தில் அந்தப் பிள்ளை பயிற்சியை முடித்துவிட்டு என் இடது மணிக்கட்டைப் பிடித்து, சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்து நாடி எண்ணத் தொடங்கினாள். வாசற்படியில் ஒரு வயதான அம்மா கால் இடறித் தடுமாறினார். பெரிதாக ஒன்றுமில்லை, விழக்கூட இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை என் கையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். அம்மாவைப் பிடித்துக் கதிரையில் இருத்தி, தண்ணீர் கொடுத்துவிட்டு, சிரித்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

“எத்தினை எண்ணினனெண்டு மறந்து போச்சு ஐயா. திருப்பி எண்ணுவம்.”

நான் மணிக்கட்டை மேசைமேல் வைத்தேன்.